ஒரே நாளிதழ் கொண்ட வாசகருக்காக: சிங்கப்பூர்த் தமிழ்ச் செய்தி அறைகளுக்கு ஒரு திறந்த மடல்



கேலாங் சாலையில் 701ஆம் எண் கட்டடத்தில் பாட்டாளிக் கட்சியின் தலைமையகம் இருக்கிறது. 2017க்கு முன்பு அது லிட்டில் இந்தியாவின் சையது ஆல்வி சாலையில் இருந்தது. அதே கேலாங் சாலையில் கிழக்கே நடந்தால் கேலாங் சிராய் சந்தை வரும். சந்தையைச் சுற்றியுள்ள வட்டாரம் 2025 பொதுத்தேர்தலில் மரின் பரேட் - பிராடல் ஹைட்ஸ் குழுத்தொகுதிக்குள் அடங்கியது. ஏப்ரல் 23, வேட்புமனுத் தாக்கல் நாள். அந்தத் தொகுதியில் மனுத் தாக்கல் செய்தது ஆளும் மக்கள் செயல் கட்சி மட்டுமே. ஐந்து பேரும் போட்டியின்றி உறுப்பினர்களானார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு அந்த மே 3ஆம் தேதி வாக்களிக்கும் வாய்ப்பே இல்லாமல் போனது.

வேட்புமனுத் தாக்கல் நாளன்று மாலை அந்த வட்டாரத்து வாக்காளருக்குத் தெரிய வேண்டியவை பல. எதிர்க்கட்சியான பாட்டாளிக் கட்சி ஏன் வரவில்லை? அதற்கு அந்தக் கட்சி சொன்ன காரணம் என்ன? ஆளுங்கட்சி என்ன சொன்னது? குழுத்தொகுதி எல்லை எப்படி மாறியது? ஆங்கிலம் சரளமாக வாசிப்பவர் பத்து இடங்களில் தேடிப் பார்த்துத் தானே ஒரு முடிவுக்கு வருவார். தமிழ் மட்டுமே வாசிக்கும் அறுபது, எழுபது வயதுப் பெரியவருக்கு அந்த வசதி கிடையாது. அவர் கையில் இருப்பது ஒரு நாளிதழ், ஒரு வானொலி, ஒரு தொலைக்காட்சி ஒளிவழி. இந்த மடல் அவருக்காக எழுதப்படுகிறது.

காப்பிக்கடை மேசைகளில் தேர்தல் பேச்சு வந்தாலே ஒரு சலிப்பும் கூடவே வரும். "அவங்க சொல்றதைத்தானே இவங்க போடுறாங்க" என்று யாராவது ஒருவர் சொல்வார், மற்றவர்கள் தலையாட்டுவார்கள். பேச்சு அத்தோடு முடிந்துவிடும். அந்தச் சலிப்பை அலட்சியமாகக் கடந்து போக வேண்டாம் என்பதே இந்த மடலின் முதல் வேண்டுகோள். அதற்கு வரலாறு இருக்கிறது, ஆதாரமும் இருக்கிறது.

1971ஆம் ஆண்டு மே மாதத்தில் நன்யாங் சியாங் பாவ் என்ற சீன நாளிதழின் நிர்வாகிகள் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்க் கைது செய்யப்பட்டனர். அதே மாதத்தில் ஈஸ்டர்ன் சன் மூடப்பட்டது, சிங்கப்பூர் ஹெரால்ட் உரிமம் இழந்தது. மூன்று ஆண்டுகள் கழித்து, 1974இல் செய்தித்தாள், அச்சகச் சட்டம் வந்தது. நாளிதழ் நிறுவனங்களின் பங்குகளை அது சாதாரணப் பங்கு, நிர்வாகப் பங்கு என்று இரண்டாகப் பிரித்தது. இயக்குநர்களையும் ஊழியர்களையும் நியமிப்பது, நீக்குவது குறித்த வாக்கெடுப்பில் ஒரு நிர்வாகப் பங்குக்கு 200 வாக்குகள். அந்தப் பங்கு யாரிடம் இருக்கலாம் என்பதற்கு அரசின் ஒப்புதல் தேவை. ஆசிரியர் நாற்காலியில் யார் அமர்வது என்பது எங்கே தீர்மானமாகிறது என்பதை வாசகர் இதிலிருந்தே ஊகித்துக்கொண்டார்.

பெயர்களும் அவருக்கு நினைவிருக்கின்றன. பின்னாளில் அதிபரான எஸ்.ஆர். நாதன் 1982இல் அரசுப் பணியிலிருந்து நேரே ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் நிறுவனத்தின் நிர்வாகத் தலைவராகச் சென்றார். முன்னாள் துணைப் பிரதமர் டோனி டான் நாளிதழ்களை வெளியிட்ட எஸ்பிஎச் நிறுவனத்தின் தலைவராக இருந்தார். 2021இல் அந்த நிறுவனத்தின் ஊடகப் பிரிவு தனியாகப் பிரிக்கப்பட்டு எஸ்பிஎச் மீடியா டிரஸ்ட் ஆனபோது, அதன் தலைவரானவர் முன்னாள் அமைச்சர் கோ பூன் வான். மறு ஆண்டு பிப்ரவரியில், ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டுதோறும் 180 மில்லியன் வெள்ளி வரை அரசு நிதி வழங்கும் என்று நாடாளுமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. தாய்மொழி நாளிதழ்கள் பிழைத்திருக்க அந்த நிதி உதவுகிறது என்பது உண்மை. ஆனால் அது வரி செலுத்துவோர் பணம், அவர்களில் எல்லாக் கட்சிக்கும் வாக்களித்தவர்கள் இருக்கிறார்கள். 2020 செப்டம்பர் முதல் 2022 மார்ச் வரை எஸ்பிஎச் நாளிதழ்களின் விற்பனை எண்ணிக்கை நாளொன்றுக்கு 85,000 முதல் 95,000 பிரதிகள் வரை கூட்டிக் காட்டப்பட்டிருந்தது என்று 2023 ஜனவரியில் வெளிவந்தபோது, வாசகரின் ஐயம் இன்னும் ஒரு படி ஏறியது.

இவையெல்லாம் அமைப்பைப் பற்றியவை. வாசகர் அன்றாடம் காண்பது பக்கத்தை. பக்கத்தைப் பற்றிய மிகத் தெளிவான பாடம் 2006இல் ஹவ்காங்கில் கிடைத்தது.

அந்த ஆண்டு ஏப்ரல் 30ஆம் தேதி இரவு, பாட்டாளிக் கட்சியின் பிரசாரக் கூட்டம் ஹவ்காங் திடலில் நடந்தது. அலெக்ஸ் ஆவ் என்ற எழுத்தாளர் அருகிலிருந்த புளோக்கின் உயரமான தளத்திலிருந்து ஒரு படம் எடுத்தார். மேடை ஒரு சின்ன வெளிச்சப் புள்ளி. திடலின் மறுவிளிம்பு வரை தலைகள். அந்தப் படம் இணையத்தில் வெளியானதும் தீவு முழுவதும் பரவியது. மேடையில் பேசுபவரின் முகத்தை மட்டும் நெருக்கமாகக் காட்டும் படங்களையே அதுவரை பார்த்திருந்த வாசகருக்கு, தனக்குக் காட்டப்படாதது எவ்வளவு என்பது ஒரே படத்தில் புரிந்தது. பொய்யான செய்தி என்று எதையும் அவரால் சுட்டிக்காட்ட முடியாது. அச்சான படங்கள் உண்மையானவை, எழுதப்பட்ட வரிகள் உண்மையானவை. கேமராவை எங்கே நிறுத்துவது என்ற முடிவில்தான் சாய்வு இருந்தது.

அந்தக் கதையின் மறுபாதியையும் சொல்ல வேண்டும். ஒரு வாரத்தில் தேர்தல் முடிவு வந்தது. ஹவ்காங்கைப் பாட்டாளிக் கட்சியின் லோ தியா கியாங் தக்கவைத்தார். ஆனால் நாடு முழுவதும் மக்கள் செயல் கட்சி 66.6 விழுக்காடு வாக்குகளும் 84 இடங்களில் 82ஐயும் பெற்றது. திடலில் நின்ற கூட்டம் வாக்குப் பெட்டியில் அப்படியே பிரதிபலிக்கவில்லை. அந்தப் படத்தைப் பக்கத்தில் போட்டிருந்தால் யாருடைய வெற்றியும் தோல்வியாக மாறியிருக்காது. போடாததால் நாளிதழ்கள் இழந்தவைதான் அதிகம். அன்றிலிருந்து ஒவ்வொரு தேர்தலிலும் "இவர்கள் எதைக் காட்டாமல் விட்டார்கள்?" என்று தேடிப் பார்க்கும் பழக்கம் ஒரு தலைமுறைக்கே வந்துவிட்டது.

ஹவ்காங் கூட்டத்துக்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பு நடந்த இன்னொரு நிகழ்ச்சியில் ஒரு தமிழர் நடுநாயகமாக இருந்தார். யாழ்ப்பாணத் தமிழ் வம்சாவளியினரான ஜே.பி. ஜெயரத்தினம் 1981 அக்டோபரில் ஆன்சன் இடைத்தேர்தலில் 653 வாக்கு வித்தியாசத்தில் வென்று, நாடாளுமன்றத்தில் ஒற்றை எதிர்க்கட்சிக் குரலானார். 1986இல் அவரைப் பற்றி டைம் வார இதழ் ஒரு கட்டுரை வெளியிட்டது. அரசு மறுப்புக் கடிதம் அனுப்பியது. அதை வெட்டாமல் அப்படியே வெளியிட இதழ் மறுத்தது. அதே ஆண்டு கொண்டுவரப்பட்ட சட்டத்திருத்தத்தைப் பயன்படுத்தி, சிங்கப்பூரில் டைம் இதழின் விற்பனை 18,000 பிரதிகளிலிருந்து படிப்படியாக 2,000ஆகக் குறைக்கப்பட்டது. ஒருவரைப் பற்றி எழுதினால் அவர் தரும் பதிலை முழுமையாக, வெட்டாமல் வெளியிட வேண்டும் என்பதே அரசு அன்று முன்வைத்த வாதம். நல்ல கொள்கைதான். அந்தக் கொள்கை அமைச்சருக்கு மட்டும் உரியதாக இருக்கக் கூடாது என்பதே வாசகர் கேட்பது. எதிர்க்கட்சி உறுப்பினர், தொண்டூழிய அமைப்பு, துறைமுகத்திலோ ஜூரோங் கட்டுமானத் தளத்திலோ வேலை செய்யும் ஊழியர் என்று யாரைப் பற்றிச் செய்தி வந்தாலும், அவர்களுடைய பதிலுக்கும் அதே இடமும் அதே முழுமையும் வேண்டும்.

அண்மைக்கால உதாரணம் ரிடவுட் சாலை. இரண்டு அமைச்சர்கள் காலனித்துவக் காலப் பங்களாக்களை வாடகைக்கு எடுத்திருந்ததைப் பற்றிய கேள்வியை 2023 மே மாதத்தில் முதலில் எழுப்பியவர் ஜெயரத்தினத்தின் மகன் கென்னத் ஜெயரத்தினம். பெரிய ஊடகங்களில் செய்தி விரிவாக வந்தது அதற்குப் பிறகுதான். லஞ்ச ஊழல் புலனாய்வுப் பிரிவு விசாரித்தது, தவறு ஏதும் இல்லை என்று அறிவிக்கப்பட்டது, ஜூலை 3ஆம் தேதி நாடாளுமன்றத்தில் விவாதமும் நடந்தது. கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. ஆனால் அந்தக் கேள்வியைச் செய்தி அறைகளே முதலில் கேட்டிருக்கலாமே என்ற ஏக்கம் வாசகரிடம் தங்கிவிட்டது.

மறுபக்கத்தில் நியாயமாகச் சேர்க்க வேண்டியவையும் உண்டு. அதே ஆண்டு ஜூலையில் போக்குவரத்து அமைச்சராக இருந்த எஸ். ஈஸ்வரன் கைதானதிலிருந்து, 2024 அக்டோபரில் அவருக்கு 12 மாதச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது வரை ஒவ்வொரு கட்டமும் விரிவாக வெளியானது. ராய்ட்டர்ஸ் ஆய்வுக்கழகத்தின் ஆண்டறிக்கைகளில் சிஎன்ஏ, ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் இரண்டையும் நம்புவதாகச் சொல்லும் சிங்கப்பூரர்கள் நூற்றுக்கு எழுபதுக்கும் மேல். அதே வேளையில், எல்லைகளற்ற செய்தியாளர்கள் அமைப்பு 2025இல் வெளியிட்ட ஊடகச் சுதந்திரப் பட்டியலில் சிங்கப்பூருக்கு 123ஆம் இடம். இந்த இரண்டு எண்களும் ஒன்றையொன்று மறுக்கவில்லை. டெங்கிப் பரவல், பள்ளி நுழைவு, ரயில் தடை, புயல், போர் என்றால் வாசகர் உங்களைக் கண்ணை மூடிக்கொண்டு நம்புகிறார். அரசியல் என்று வந்தால் மட்டும் ஒரு கண்ணைத் திறந்து வைத்துக்கொள்கிறார். முதல் நம்பிக்கையைக் கட்டியெழுப்பிய நீங்கள்தான் இரண்டாவதையும் கட்டியெழுப்ப முடியும்.

தமிழ்ச் செய்தி அறைகளிடம் இதைக் கேட்பதற்குத் தனிக் காரணம் இருக்கிறது.

இந்தத் தீவில் தமிழ் இதழியல் பழையது. மக்தூம் சாயபு சிங்கை நேசனைத் தொடங்கியது 1887இல். 1935இல் பிறந்த தமிழ் முரசு, கோ. சாரங்கபாணியின் கையில் சீர்திருத்த இயக்கத்தின் போர்வாளாக இருந்தது. குடியுரிமைக்குப் பதிவு செய்யுங்கள் என்று தோட்டத் தொழிலாளரையும் துறைமுகத் தொழிலாளரையும் அது வீடு வீடாகத் தேடிப் போய் அழைத்தது போல எழுதியது. மலாயாப் பல்கலைக்கழகத் தமிழுக்காக வாசகரிடம் நிதி திரட்டியது. 1960களிலும் 70களிலும் தமிழ் மலரும் கூடவே வெளிவந்ததால், வாசகர் இரண்டையும் வாங்கி ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது. இன்று அந்த ஒப்பீடு இல்லை. வீட்டில் பெரும்பாலும் தமிழ் பேசுவோர் 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 3.3 விழுக்காடு, 2020இல் 2.5 விழுக்காடு. வாசகர் குறையக் குறைய இரண்டாவது நாளிதழ் வரும் வாய்ப்பும் குறைகிறது. ஊரில் ஒரே ஒரு மளிகைக் கடை இருந்தால், அந்தக் கடையின் எடைக்கல் மற்ற ஊர்க் கடைகளைவிட நேராக இருக்க வேண்டும்.

தமிழ்நாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே ஊடகச் சாய்வு ஒளிவுமறைவில்லாதது. 2001 ஜூன் 30 அதிகாலையில் கருணாநிதி கைது செய்யப்பட்டபோது, அவர் இழுத்துச் செல்லப்படும் காட்சியை சன் டிவி திரும்பத் திரும்ப ஒளிபரப்பியது. மத்திய அமைச்சர்கள் முரசொலி மாறனும் டி.ஆர். பாலுவும் காவலர்களுடன் மோதுவதாகக் காட்டும் காட்சியை ஜெயா டிவி ஒளிபரப்பியது. ஒரே வீடு, ஒரே இரவு, இரண்டு கதைகள். ஆனால் எந்த ஒளிவழி எந்தக் கட்சியின் வீட்டுப் பிள்ளை என்பது மதுரை டீக்கடைக்காரருக்கும் தெரியும். அவர் இரண்டையும் பார்த்து, நடுவில் நடந்தது என்ன என்று தானே கணக்குப் போட்டுக்கொண்டார். அந்த முறை சிங்கப்பூருக்கு வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. கட்சிக்கு ஒரு ஒளிவழி என்பது பெரிய நோய். ஆனால் கணக்குப் போட இரண்டு தரப்பும் வேண்டும். இரண்டு நாளிதழ் இல்லாத ஊரில், அந்த இரண்டு தரப்பும் ஒரே நாளிதழின் ஒரே பக்கத்தில் இருந்தாக வேண்டும்.

உங்களால் மட்டுமே செய்ய முடிந்த வேலையும் ஒன்று இருக்கிறது. 2013 டிசம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை இரவு, ரேஸ் கோர்ஸ் சாலையில் தமிழ்நாட்டைச் சேர்ந்த 33 வயது ஊழியர் ஒருவர் தனியார் பேருந்தில் சிக்கி இறந்தார். அதைத் தொடர்ந்து கலவரம் மூண்டது. 25 பேர் மீது குற்றஞ்சாட்டப்பட்டது, 57 பேர் நாட்டைவிட்டு அனுப்பப்பட்டனர். முன்னாள் நீதிபதி ஜி. பன்னீர்செல்வம் தலைமையில் விசாரணைக் குழு அமைந்தது. விபத்தும் மதுவும் காரணம், வேலை நிலைமை மீதான அதிருப்தி காரணமல்ல என்று அதன் அறிக்கை 2014இல் கூறியது. அந்த விசாரணையின்போது அன்றைய காவல்துறை ஆணையர் தமக்கு லிட்டில் இந்தியாவைவிடக் கேலாங்கே அதிகக் கவலை தருகிறது என்று சாட்சியம் அளித்தார். 2015 ஏப்ரலில் நடப்புக்கு வந்த மதுக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் லிட்டில் இந்தியாவும் கேலாங்கும் சிறப்புக் கட்டுப்பாட்டு வட்டாரங்களாயின.

ஒரு வட்டாரத்தின் பெயர் இப்படிச் சட்டத்தில் ஏறும்போது, அங்கே குடியிருப்பவரின் குரலும் செய்தியில் ஏற வேண்டும். கேலாங் ஈஸ்ட் அவென்யூ 2இல் ஸ்ரீ சிவன் கோயில் இருக்கிறது, பக்கத்தில் நூலகம் இருக்கிறது, லோரோங்குகளில் பல தலைமுறைகளாகக் குடும்பங்கள் வாழ்கின்றன. வெளிநாட்டு ஊழியர்கள் அறை எடுத்துத் தங்குகிறார்கள். ஆணையர் சொன்னதும் அமைச்சர் சொன்னதும் தலைப்பாக வருவது இயல்பு. ஆனால் அங்கே தங்கியிருக்கும் ஊழியரிடம் அவர் மொழியிலேயே, மொழிபெயர்ப்பாளர் இல்லாமல், "என்ன நடந்தது, அண்ணே?" என்று கேட்கக்கூடிய செய்தியாளர்கள் தமிழ்ச் செய்தி அறைகளில் இருப்பது போல வேறெங்கும் இல்லை. ஆங்கிலச் செய்தியை மொழிபெயர்த்துத் தருவதைவிட அந்தக் கேள்விக்கே உங்கள் நேரம் போக வேண்டும்.

உங்கள் சிரமங்களை வாசகர் அறியாதவரல்லர். சிறிய குழு, நெருக்கும் நேரம், ஆங்கிலத்தில் வந்து குவியும் அமைச்சு அறிக்கைகள், அவதூறு வழக்கு பற்றிய அச்சம், 2019 அக்டோபர் முதல் நடப்பிலிருக்கும், பொய்ச் செய்திகளுக்கு எதிரான பொஃப்மா சட்டம். 2021இல் தி ஆன்லைன் சிட்டிசன் தளத்தின் உரிமம் நிறுத்தப்பட்டதையும் எல்லாரும் பார்த்தார்கள். அதனால் சட்டத்தை மாற்றுங்கள் என்றோ, எதிர்க்கட்சிக்குச் சாதகமாக எழுதுங்கள் என்றோ இந்த மடல் கேட்கவில்லை. 2025இல் 65.57 விழுக்காட்டினர் மக்கள் செயல் கட்சிக்கு வாக்களித்தார்கள், அது அவர்களின் தெளிவான விருப்பம். கேட்பவை எல்லாம் இன்றைய சட்டத்துக்குள்ளேயே, ஆசிரியர் மேசையிலேயே முடிவெடுக்கக் கூடியவை.

தேர்தல் செய்திக்கான உங்கள் விதிமுறைகளைத் தமிழில் எழுதி, பிரசாரம் தொடங்கும் முன்பே வெளியிடுங்கள். கட்சிகளின் அரசியல் ஒளிபரப்புக்கு நேரம் எப்படிப் பிரிக்கப்படுகிறது என்பது எல்லாருக்கும் தெரியும். குறைந்தது ஆறு வேட்பாளர்கள் நிற்க வேண்டும், வேட்பாளர் எண்ணிக்கைக்கு ஏற்ப நிமிடங்கள் கூடும். நான்கு மொழிகளிலும் அது நடக்கிறது. யாருக்குப் பிடிக்கிறதோ இல்லையோ, விதி கண்ணுக்குத் தெரிவதால் அதைப் பற்றி யாரும் முணுமுணுப்பதில்லை. முதல் பக்கம், தலைப்பு, படம் ஆகியவற்றுக்கும் அப்படி ஒரு விதி தெரியட்டும்.

கூட்டம் நடந்தால், எந்தக் கட்சியாக இருந்தாலும், மேடைப் படத்தோடு திடல் முழுவதையும் காட்டும் ஒரு படத்தையும் போடுங்கள். நாடாளுமன்றச் செய்தியில் அமைச்சரின் பதில் எவ்வளவு விரிவாக வருகிறதோ, அந்தப் பதிலை வரவழைத்த கேள்வியையும் துணைக் கேள்வியையும் அவ்வளவு தெளிவாகத் தாருங்கள். கேள்வி கேட்டது ஆளுங்கட்சிப் பின்வரிசை உறுப்பினர் என்றாலும் இதே முறைதான். அமைச்சின் அறிக்கையை அப்படியே மொழிபெயர்த்திருந்தால், அது அறிக்கை என்று மேலேயே குறிப்பிடுங்கள்.

கடைசியாக, வாசகர் ஆசிரியர் ஒருவரை நியமியுங்கள். சென்னையின் தி இந்து நாளிதழ் 2006இல் கே. நாராயணனை அந்தப் பொறுப்பில் அமர்த்தியது, பின்னர் ஏ.எஸ். பன்னீர்செல்வன் பல ஆண்டுகள் அதை வகித்தார். வாசகரின் புகாரை வாங்கி, செய்தி அறையிடம் விளக்கம் கேட்டு, தன் முடிவை அதே நாளிதழில் எழுதுவது அவர் வேலை. ஆசிரியர் குழு அவர் எழுத்தில் கை வைக்க முடியாது. ஓய்வுபெற்ற தமிழாசிரியர்கள், முன்னாள் செய்தியாளர்கள், சட்டம் அறிந்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள். மாதம் ஒரு பத்தி போதும் தொடங்குவதற்கு.

இதைச் செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பது இப்போதே தெரிகிறது. சலித்துப்போன வாசகர் நாளிதழை மடித்து வைத்துவிட்டு வாட்ஸ்அப் பக்கம் போகிறார். அங்கே எந்த ஆசிரியரும் இல்லை, எந்தத் திருத்தமும் வருவதில்லை. சிங்கப்பூர்த் தேர்தலைப் பற்றி எங்கிருந்தோ எவரோ பேசிய ஒலிப்பதிவை உண்மை என்று எடுத்துக்கொண்டு பேரப்பிள்ளைக்கும் அனுப்புகிறார். அவரைக் கடிந்துகொள்வது எளிது. அவர் தேடியது இரண்டாவது தரப்பை. அது நாளிதழிலேயே கிடைத்திருந்தால் அவர் வேறெங்கும் போயிருக்க மாட்டார்.

அதிபர் தர்மன் சண்முகரத்னத்தின் பதவிக்காலம் 2029இல் முடிகிறது. அடுத்த பொதுத்தேர்தல் 2030ஆம் ஆண்டு முடிவதற்குள் வந்தாக வேண்டும். அதற்குள் நேரம் இருக்கிறது. அதிபர் தேர்தலிலிருந்தே தொடங்கலாம். வேட்பாளர்கள் சிலரே, கட்சிக் கொடியும் இல்லை, விதிமுறைகளைப் பரிசோதித்துப் பார்க்க ஏற்ற களம். அந்த விதிமுறைகளின் முதல் வரைவை வாசகர் கருத்துக்காக வெளியிடுங்கள். எதை ஏற்கிறீர்கள், எதை ஏற்க முடியாது, ஏன் என்று உங்கள் பக்கத்திலேயே எழுதுங்கள். ஏற்க முடியாதவற்றுக்கான காரணமும் வாசகருக்குத் தெரிய வேண்டியதே.

அன்புடனும் மதிப்புடனும்,
கேலாங்கிலிருந்து ஒரு தமிழ் வாசகர்